ஆட்டம் மீண்டும் தொடங்கும்வரை

2023 செப்டம்பர் 30 அன்று லண்டனில் டாட்டன்ஹாமும் லிவர்பூலும் மோதிய பிரீமியர் லீக் ஆட்டம். 34ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் முகமது சாலா தள்ளிவிட்ட பந்தை லூயிஸ் டியாஸ் கோலாக்கினார். துணை நடுவர் ஆஃப்சைட் என்று கொடியை உயர்த்த, கோல் இல்லை என்றாயிற்று. வீடியோ அறையில் இருந்த நடுவர் டேரன் இங்கிலாந்து படத்தை நிறுத்திக் கோடு போட்டுப் பார்த்தார். டியாஸ் ஆஃப்சைடில் இல்லை. அதுவரை அவர் பார்த்ததெல்லாம் சரிதான். ஆனால் மைதானத்தில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று எப்படியோ அவர் மனதில் பதிந்துபோயிருந்தது. அதனால் சரிபார்ப்பு முடிந்தது என்று மட்டும் மைதான நடுவர் சைமன் ஹூப்பருக்குச் சொன்னார். கோல் நிற்கிறது என்பது அவர் கணக்கு. ஆஃப்சைட் நிற்கிறது என்று ஹூப்பர் எடுத்துக்கொண்டார். டாட்டன்ஹாம் ஃப்ரீ கிக்கை அடித்தது, ஆட்டம் நகர்ந்தது.

அடுத்த சில நொடிகளில் வீடியோ அறையில் நடந்ததைப் பிறகு வெளியான ஒலிப்பதிவில் கேட்கலாம். மறுஒளிபரப்புக் கருவியை இயக்குபவர்தான் முதலில் சந்தேகப்படுகிறார்: மைதானத்தில் கொடுத்தது ஆஃப்சைட் ஆயிற்றே, இது பரவாயில்லையா என்று கேட்கிறார். ஒரு வசைச்சொல் கேட்கிறது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லலாமே என்று யோசனை வருகிறது. இங்கிலாந்து மறுக்கிறார். ஒன்றும் செய்ய முடியாது, ஒன்றும் செய்ய முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அறையில் இருந்த எல்லாருக்கும் அது கோல் என்று தெரியும். மைதானத்தில் இருந்த நடுவருக்கு மட்டும் தெரியாது. லிவர்பூல் 2-1 என்று தோற்றது.

டேரன் இங்கிலாந்து செய்த தவறு வேறு, அவர் நிறுத்த மறுத்தது வேறு. முதலாவது கவனக்குறைவு. இரண்டாவது விதியை மதித்தது. உலகம் முழுக்க அவரைத் திட்டியபோது இந்த இரண்டையும் சேர்த்தே திட்டினார்கள். இரண்டாவதில் அவர்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கால்பந்தின் 17 விதிகளில் ஐந்தாவது, நடுவரைப் பற்றியது. ஆட்டத்தோடு தொடர்புள்ள உண்மைகளைப் பற்றி நடுவர் எடுக்கும் முடிவு இறுதியானது. கோல் விழுந்ததா இல்லையா என்பதும் ஆட்டத்தின் முடிவும் அதில் அடக்கம். ஆனால் அதே விதி நடுவருக்கு ஒரு கதவையும் திறந்துவைத்திருக்கிறது. தான் கொடுத்தது தவறு என்று அவருக்கே தெரிந்தாலோ, சக நடுவர் ஒருவர் சொன்னாலோ, மாற்றிக்கொள்ளலாம். எதுவரை? ஆட்டம் மீண்டும் தொடங்கும்வரை. அல்லது பாதி ஆட்டம் முடிந்ததென்று விசிலடித்துவிட்டு அவர் மைதானத்தை விட்டு வெளியேறும்வரை. அதன்பின் கதவு சாத்தப்பட்டுவிடும். ஃப்ரீ கிக், த்ரோ-இன், கார்னர், கோல் கிக், கோலுக்குப் பிந்தைய கிக்-ஆஃப், எது எடுக்கப்பட்டாலும் அதற்கு முந்தைய முடிவு முத்திரையிடப்பட்டதாகக் கணக்கு.

தவறு எவ்வளவு பெரியது, எவ்வளவு வெளிப்படையானது என்பதைப் பற்றி இந்த எல்லைக்கோடு கவலைப்படுவதில்லை. பந்து மறுபடி உருண்டதா என்பது ஒன்றையே கேட்கிறது. முதல் பார்வைக்கு இது மூடத்தனமாகத் தெரியும். ஆனால் மாற்று என்ன என்று யோசித்தால் விதியின் நியாயம் புரிய ஆரம்பிக்கிறது. 34ஆவது நிமிடத்துக் கோலை 36ஆவது நிமிடத்தில் திருப்பிக் கொடுக்கலாமென்றால் 60ஆவது நிமிடத்தில் ஏன் கொடுக்கக் கூடாது? இடையில் மற்ற அணி அடித்த கோலை என்ன செய்வது? டாட்டன்ஹாம் ஆட்டத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. ஆஃப்சைட் குழப்பம் நடந்து இரண்டே நிமிடத்தில் சன் ஹியுங்-மின் டாட்டன்ஹாமின் முதல் கோலை அடித்தார். தவறைத் திருத்துவதற்கு எப்போதும் ஒரு விலை உண்டு. அந்தத் தவறுக்குப் பிறகு ஆடப்பட்ட ஆட்டத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்பதே அந்த விலை. மறுதொடக்கம் வரை அது பூஜ்யம். அதன்பின் ஒவ்வொரு நொடியும் ஏறுகிறது. இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு வழக்கும் ஏதோ ஒரு வகையில் இந்த விலையைப் பற்றிய பேரம்தான்.

நடுவர் என்பவரே கால்பந்துக்குப் பிற்பாடு வந்தவர். 1863இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட முதல் விதிகளில் அவரைப் பற்றிப் பேச்சே கிடையாது. பிறகு அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் வந்தார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போகாதபோது தீர்ப்புச் சொல்ல எல்லைக்கு வெளியே மூன்றாவதாக ஒருவர் நின்றார். 1891இல் அந்த மூன்றாமவர் விசிலோடு மைதானத்துக்குள் வந்தார். அம்பயர்கள் கோட்டோரம் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள். முறையிட்டால் தீர்ப்பு என்றிருந்த காலம் போய், யாரும் கேட்காமலே ஒருவர் தீர்ப்புச் சொல்லும் காலம் வந்தது. அப்படி ஒரே ஆளிடம் அதிகாரத்தைக் குவித்தபின், அவர் எப்போது மனம் மாறலாம் என்பதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

நேரத்துக்குள் மாற்றினால் போதுமா, எதற்காக மாற்றினார் என்று பார்க்க வேண்டாமா? 1982 உலகக் கோப்பையில் ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் பிரான்சும் குவைத்தும் ஆடின. பிரான்ஸ் 3-1 என்று முன்னிலையில் இருந்தபோது அலான் ஜிரெஸ் இன்னொரு கோலை அடித்தார். குவைத் தடுப்பாட்டக்காரர்கள் அசையாமல் நின்றிருந்தார்கள். கூட்டத்தில் யாரோ ஊதிய விசிலை நடுவரின் விசில் என்று நினைத்தோம் என்றார்கள். சோவியத் நடுவர் மிரோஸ்லாவ் ஸ்டுபார் கோல் கொடுத்தார். பார்வையாளர் மாடத்தில் இருந்த குவைத் கால்பந்துச் சங்கத் தலைவர் இளவரசர் ஃபஹத், அங்கியும் தலைப்பாகையுமாக மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்துவிட்டார். பேச்சுவார்த்தை நடந்தது. ஸ்டுபார் கோலை ரத்துசெய்தார். இப்போது பிரெஞ்சுப் பயிற்சியாளர் மிஷெல் இடால்கோ கொதித்தார். பிறகு மாக்சிம் போசிஸ் ஒரு கோல் அடித்து ஆட்டம் 4-1 என்று முடிந்ததால் பெரிய பாதகம் இல்லை.

கடிகாரப்படி பார்த்தால் ஸ்டுபார் எல்லையை மீறவில்லை. கிக்-ஆஃப் எடுக்கப்படவில்லை, மாற்றிக்கொள்ள அவருக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் அந்த முடிவை மாற்றவைத்தது அவர் கண்ணும் அல்ல, துணை நடுவரின் கொடியும் அல்ல. மைதானத்தில் நிற்கவே உரிமையில்லாத ஒருவரின் கோபம். அந்த உலகக் கோப்பையில் ஸ்டுபாருக்கு வேறு ஆட்டம் தரப்படவில்லை.

ஆகவே விதிக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: எப்போது மாற்றலாம், யார் சொல்லி மாற்றலாம். முதல் கேள்விக்கு விதி கறாராகப் பதில் சொல்கிறது. இரண்டாவதற்குச் சற்று இடம்விட்டே சொல்கிறது. வீரனே வந்து சொன்னால்? 1997 மார்ச்சில் ஹைபரி மைதானத்தில் லிவர்பூலின் ராபி ஃபவுலர், ஆர்சனல் கோல்கீப்பர் டேவிட் சீமன் முன் தடுமாறி விழுந்தார். நடுவர் ஜெரால்டு ஆஷ்பி பெனால்டி கொடுத்தார். ஃபவுலர் எழுந்து, அவர் என்னைத் தொடவில்லை என்று கையை ஆட்டிச் சொன்னார். நடுவர் மசியவில்லை. ஃபவுலரே அடித்த பெனால்டியைச் சீமன் தடுத்தார். திரும்பி வந்த பந்தை ஜேசன் மெக்அடீர் உள்ளே தள்ளினார். 2014 மார்ச்சில் ஜெர்மனியில் நியூரம்பெர்க்குக்கு எதிராக வெர்டர் பிரெமனின் ஆரோன் ஹுன்ட் அதேபோல விழுந்தார், அதேபோல ஒப்புக்கொண்டார். நடுவர் மனுவெல் கிரேஃபே பெனால்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நேப்பிள்சில் 2012இல் லாட்சியோவின் மிரோஸ்லாவ் குளோஸ பந்து கையில் பட்டுத்தான் கோலானது என்று தானே சொல்லித் தன் கோலை இழந்தார்.

இந்த நடுவர்களில் யாரும் விதியை மீறவில்லை. தவறு என்று நடுவருக்குத் தெரிந்தால் மாற்றலாம் என்கிறது விதி. எப்படித் தெரிய வேண்டும் என்று வீரர்களின் வாக்குமூலத்தைப் பற்றித் தனியாக எதுவும் சொல்வதில்லை. தன் அணிக்கு நஷ்டமாகும் சாட்சியத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது என்பது கிரேஃபேயின் பக்க நியாயம். ஆஷ்பி பக்கமும் ஒரு நியாயம் உண்டு: வீரன் சொல்லுக்கு ஒருமுறை காது கொடுத்தால், அடுத்த முறை பதினொரு பேரும் வந்து சொல்வார்கள்.

தொலைக்காட்சித் திரை இதைவிடச் சிக்கலான சாட்சி. 2006 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பெர்லினில் பிரான்சின் சினெதின் சிதான் இத்தாலியின் மார்கோ மாட்டராட்சியின் நெஞ்சில் தலையால் முட்டியபோது பந்து வேறு இடத்தில் இருந்தது. நடுவர் ஓராசியோ எலிசோண்டோ பார்க்கவில்லை. நான்காவது நடுவர் லூயிஸ் மெதினா கண்டலேஹோ சொல்லித்தான் சிவப்பு அட்டை வந்தது. அவர் நேரில் பார்த்தாரா, திரையில் பார்த்தாரா என்று பிரெஞ்சுப் பயிற்சியாளர் சந்தேகம் கிளப்பினார். நேரில்தான் பார்த்தார் என்றது ஃபிஃபா. சிதான் முட்டினார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. திரையைப் பார்த்து முடிவெடுக்க அன்றைய விதியில் இடமில்லை என்பதால்தான் அந்தக் கேள்விக்கு அவ்வளவு கனம்.

இந்திய ரசிகர்களுக்கு அந்தக் கனம் 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் புரிந்தது. உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. லாலியன்சுவாலா சாங்டேயின் கோலால் இந்தியா கத்தாரைவிட 1-0 என்று முன்னிலை. 73ஆவது நிமிடத்தில் கோலை நோக்கி வந்த பந்தை இந்தியக் கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து தடுக்க, அது கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் எல்லைக்கோட்டைத் தாண்டி உருண்டது. கத்தாரின் ஹாஷ்மி மொஹியால்தீன் அதைக் காலால் உள்ளே இழுத்துப்போட, யூசுஃப் அய்மன் கோலடித்தார். பந்து வெளியே போய்விட்டதென்று நின்றுவிட்ட இந்திய வீரர்கள் தென்கொரிய நடுவர் கிம் வூ-சுங்கைச் சூழ்ந்துகொண்டார்கள். தகுதிச்சுற்றின் அந்தக் கட்டத்தில் வீடியோ நடுவர் கிடையாது. கோலுக்கும் கிக்-ஆஃபுக்கும் இடையில் இருந்த நேரம் முழுவதும் முடிவை மாற்ற விதி அனுமதித்தது. டிவி முன்னால் உட்கார்ந்திருந்த இலட்சக்கணக்கானவர்களுக்கு உண்மை தெரியும். நடுவர் குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை, அல்லது உறுதியாகத் தெரியவில்லை. கிக்-ஆஃப் எடுத்ததும் அந்தக் கோல் கல்வெட்டாகிவிட்டது. கத்தார் இன்னொரு கோலும் போட்டு 2-1 என்று வென்றது. இந்தியா மூன்றாம் சுற்றுக்குப் போகவில்லை. இந்தியக் கால்பந்துச் சங்கம் விசாரணை கேட்டு எழுதிய கடிதத்தால் ஆட்ட முடிவு மாறவில்லை.

2018 மார்ச்சில் வீடியோ நடுவர் முறையை விதிகளில் சேர்த்தபோது, இந்த இரண்டாவது கேள்வியின் பதிலைத்தான் அகலப்படுத்தினார்கள். நடுவருக்கு இனி திரையும் சாட்சி சொல்லலாம். ஆனால் அன்று வகுத்தபடி நாலே விஷயத்தில்: கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, அட்டை ஆள் மாறிப் போனது. தவறு தெளிவாகவும் கண்கூடாகவும் இருக்க வேண்டும். முதல் கேள்வியை, அதாவது எதுவரை என்பதை, அவர்கள் பெரும்பாலும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆட்டம் நின்று மறுபடி தொடங்கிவிட்டால், ஆள் மாறிய அட்டைக்கும், அடிதடி, துப்புதல், கடித்தல், மிக மோசமான வசை போன்ற சிவப்பு அட்டைக் குற்றங்களுக்கும் மட்டும்தான் பின்னால் போய்ப் பார்க்க முடியும். அப்போதும் அட்டை மட்டுமே கொடுக்கலாம்; பெனால்டியோ ஃப்ரீ கிக்கோ கிடையாது. ஒருவரை மைதானத்திலிருந்து அனுப்புவது இனி வரும் நேரத்தை மட்டும் பாதிக்கிறது, ஆடி முடித்ததைக் கலைப்பதில்லை. முன்னே சொன்ன விலைக் கணக்கு இங்கே எழுத்திலேயே இருக்கிறது.

ஆட்டம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால்? அங்கேதான் வேடிக்கை. 2017 ஆகஸ்டில் நெதர்லாந்தின் யோஹான் கிரைஃப் கோப்பை ஆட்டத்தில், பரிசோதனைக் காலத்திலேயே, இது நடந்தது. ஃபெயனூர்ட் 1-0 என்று முன்னிலை. ஃபெயனூர்டின் பெனால்டி பகுதியில் விட்டெஸ்ஸ வீரர் ஒருவர் வீழ்த்தப்பட்டார். நடுவர் டேனி மக்கெலி ஆட்டத்தை ஓடவிட்டார். பந்து மறுகோடிக்குப் போய் ஃபெயனூர்ட் இரண்டாவது கோலைப் போட்டுக் கொண்டாடியது. மக்கெலி திரையில் பார்த்துவிட்டு வந்து அந்தக் கோலை அழித்து, மறுகோடியில் விட்டெஸ்ஸவுக்குப் பெனால்டி கொடுத்தார். 2-0 ஆகியிருக்க வேண்டியது 1-1 ஆயிற்று. இடையில் பந்து எங்கும் நிற்காததால் விதி இடம் கொடுத்தது. அந்த நொடிகளில் பந்து கோட்டைத் தாண்டி, யாராவது ஒருவர் அதை அவசரமாக த்ரோ-இன் எறிந்திருந்தால் பெனால்டி போயே போச்சு. ஒரு தவறு திருத்தப்படுமா இல்லையா என்பது இப்படிப் பந்து வெளியே போன தற்செயலைப் பொறுத்து அமைவது எனக்குப் பிடிக்கவில்லை. இதைவிடத் தெளிவான வேறு கோட்டை யாரும் வரைந்து காட்டியதாகவும் தெரியவில்லை.

இப்படி நேரத்தைப் பின்னால் சுருட்டுவதுகூட முழுமையானதல்ல. அழிக்கப்பட்ட அந்த நொடிகளில் ஒருவர் எதிராளியை முரட்டுத்தனமாக உதைத்து அட்டை வாங்கியிருந்தால், கோல் அழிந்தாலும் அட்டை நிற்கும். நல்ல தாக்குதலைக் கெடுத்ததற்காகவோ, கோல் வாய்ப்பைத் தடுத்ததற்காகவோ கொடுத்த அட்டை மட்டும் விலகும், அந்தத் தாக்குதலே நடக்கவில்லை என்றாகிவிட்டதால். இந்த ஒரு விதிவிலக்கை எழுதியவர் யாரோ, நல்ல வக்கீல்.

மறுதொடக்கம் என்ற கோட்டைவிட, ஆட்ட முடிவு என்ற கோடு இன்னும் குழம்பியது. 2018 ஏப்ரல் 16 அன்று மைன்ஸ் நகரில் ஃப்ரைபுர்க் அணியோடு நடந்த ஆட்டத்தில் நடுவர் குய்டோ விங்க்மன் இடைவேளை விசில் ஊதினார். ஃப்ரைபுர்க் வீரர்கள் உடை மாற்றும் அறைக்கே போய்விட்டார்கள். வீடியோ நடுவராக இருந்த பிபியானா ஷ்டைன்ஹவுஸ், கடைசித் தாக்குதலில் ஃப்ரைபுர்க் தடுப்பாட்டக்காரர் கையில் பந்து பட்டதைக் கண்டு சொன்னார். அறைக்குப் போனவர்களை வெளியே கூப்பிட்டு, பெனால்டி எடுக்கச் சொல்லி, பாப்லோ டி பிளாசிஸ் கோலடித்ததும் மறுபடி இடைவேளை. கூட்டம் கழிப்பறைக் காகித உருளைகளை மைதானத்துக்குள் வீசி இரண்டாம் பாதியைத் தாமதப்படுத்தியது. மறுஆண்டு, 2019இல், நடுவர் திரையைப் பார்க்கவோ வீரர்களைத் திரும்ப அழைக்கவோ மைதானத்தை விட்டு வெளியேறினால் அது முடிவை மாற்றுவதைத் தடுக்காது என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். 2020 செப்டம்பரில் பிரைட்டன் மைதானத்தில் 2-2 என்று இறுதி விசில் ஊதியபின் பந்து கையில் பட்டது கண்டுபிடிக்கப்பட்டு, 100ஆவது நிமிடத்தில் புருனோ ஃபெர்னாண்டசின் பெனால்டியில் மான்செஸ்டர் யுனைடெட் வென்றபோது, யாரும் விதிப்புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

அதே சலுகையைக் காமெரூனின் லிம்பே நகரில் நீட்டிப் பார்த்தபோது அறுந்துபோனது. 2022 ஜனவரி 12, ஆப்பிரிக்கக் கோப்பை, மாலி 1 துனிசியா 0. ஜாம்பிய நடுவர் ஜானி சிகாஸ்வே 85ஆவது நிமிடத்திலேயே இறுதி விசில் ஊதினார். உடனே தவறு தெரிந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். பிறகு 90 நிமிடம் நிறைவதற்குச் சில நொடிகள் முன்பே மறுபடி ஊதிவிட்டார். துனிசியர்கள் சண்டைபோட்டார்கள், பலிக்கவில்லை. எல்லாரும் உள்ளே போய் நெடுநேரம் கழித்து, மிச்சத்தை ஆட வாருங்கள் என்று அமைப்பாளர்கள் கூப்பிட்டார்கள். மாலி வந்து நின்றது. துனிசியா வரவில்லை. தன் வீரர்கள் 35 நிமிடமாக ஐஸ் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள் என்றார் அதன் பயிற்சியாளர். உடம்பு ஆறிப்போனவனை மறுபடி ஓடச் சொல்வதும் அந்த விலையில் சேர்த்திதான். வெப்பத்தால் தன் நிலை தடுமாறியது என்று சிகாஸ்வே பின்னால் சொன்னார். ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு 1-0 என்றே பதிவுசெய்தது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போனபின் ஒரு முடிவை மாற்ற முடியுமா? நடுவரால் முடியாது. சங்கங்களாலும் தீர்ப்பாயங்களாலும் சில சமயம் முடிகிறது. அங்கே அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: நடுவர் நடந்ததைத் தவறாகப் பார்த்தாரா, அல்லது சரியாகப் பார்த்தும் விதியைத் தவறாகப் பயன்படுத்தினாரா?

பார்வைத் தவறு பெரும்பாலும் மன்னிக்கப்படுகிறது. 2013 அக்டோபரில் ஹோஃபன்ஹைமில் லெவர்குசனின் ஸ்டெஃபான் கீஸ்லிங் தலையால் தட்டிய பந்து கம்பத்துக்கு வெளியே போய், பக்கவலையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்தது. நடுவர் ஃபெலிக்ஸ் பிரிக் கோல் கொடுத்தார். லெவர்குசன் 2-1 என்று வென்றது. நடுவர் தன் கண்ணால் கண்டதாக நம்பிய உண்மையைப் பற்றிய முடிவு என்பதால் மறுஆட்டம் கிடையாது என்று ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. இதே சங்கம் 1994இல் நேர் எதிராகச் செய்திருந்தது. பயேர்ன் மியூனிக்கின் தாமஸ் ஹெல்மர் நியூரம்பெர்க்குக்கு எதிராக கோலுக்கு மிக அருகிலிருந்து குதிகாலால் வெளியே தட்டிவிட்ட பந்தை நடுவர் குழு கோல் என்றது. மறுஆட்டத்துக்கு உத்தரவாயிற்று. நியூரம்பெர்க்குக்கு நியாயம் கிடைத்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறுஆட்டத்தில் 5-0 என்று உதை வாங்கியது. அந்தப் பருவத்தின் முடிவில் கோல் வித்தியாசத்தில் கீழ்ப்பிரிவுக்கும் போனது. 2009 நவம்பரில் பிரான்சின் தியெரி ஆன்ரி கையால் பந்தை நிறுத்திக் கொடுத்த கோலால் உலகக் கோப்பை வாய்ப்பை இழந்த அயர்லாந்து மறுஆட்டம் கேட்டபோது, ஃபிஃபா நீட்டியதும் ஐந்தாவது விதியைத்தான். டாட்டன்ஹாம் ஆட்டத்துக்குப் பிறகு அன்றைய லிவர்பூல் பயிற்சியாளர் யூர்கன் குளோப் மறுஆட்டம் நடத்துவதே சரி என்று சொன்னதும் பேச்சோடு நின்றது. வீடியோ நடுவரின் தவறான முடிவு ஆட்டத்தைச் செல்லாததாக்காது என்று அந்த நடைமுறை விதியே முன்கூட்டி எழுதிவைத்திருக்கிறது.

விதித் தவறு அப்படியல்ல. 2005 செப்டம்பர் 3 அன்று தாஷ்கந்தில், உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனைவிட 1-0 என்று முன்னிலையில் இருந்தது. உஸ்பெகிஸ்தானுக்குப் பெனால்டி. செர்வெர் ஜெபரோவ் கோலடித்தார். ஆனால் அவர் அடிக்கும் முன்பே சக வீரர் ஒருவர் பெனால்டி பகுதிக்குள் ஓடிவிட்டார். பந்து கோலுக்குள் போயிருந்தால் பெனால்டியை மறுபடி எடுக்க வேண்டும் என்பது அன்றைய விதி. ஜப்பானிய நடுவர் தோஷிமிட்சு யோஷிதா பஹ்ரைனுக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார். அந்த ஃப்ரீ கிக் எடுக்கப்படுவதற்குள் துணை நடுவரோ நான்காவது நடுவரோ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை. உஸ்பெகிஸ்தான் 1-0 என்று வென்றது. வென்றும் திருப்தியில்லாமல், 3-0 என்று தமக்கு வெற்றி எழுத வேண்டுமென்று முறையிட்டது. ஃபிஃபா விதித் தவறு நடந்ததை மட்டும் ஏற்று, ஆட்டம் முழுவதையும் செல்லாது என்று சொல்லி மறுபடி ஆடவைத்தது. மறுஆட்டம் 1-1. மனாமாவில் நடந்த அடுத்த ஆட்டம் 0-0. எதிரி மண்ணில் அடித்த கோலின் பலத்தில் பஹ்ரைன் அடுத்த கட்டத்துக்குப் போனது.

பத்தாண்டு கழித்து அச்சு அசலாக அதே தவறு. 2015 ஏப்ரல் 4, வட அயர்லாந்து. 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஐரோப்பியத் தகுதிச்சுற்று. நார்வே 2-1 என்று முன்னிலை. 96ஆவது நிமிடத்தில் இங்கிலாந்துக்குப் பெனால்டி. லியா வில்லியம்சன் கோலடித்தார். சக வீராங்கனை ஒருவர் முன்னாலேயே உள்ளே ஓடிவிட்டார். ஜெர்மன் நடுவர் மரியா குர்டெஸ் மறுபடி எடுக்கச் சொல்லாமல் நார்வேக்கு மறைமுக ஃப்ரீ கிக் கொடுத்தார். ஐரோப்பியக் கூட்டமைப்பு இம்முறை ஆட்டம் முழுவதையும் கலைக்கவில்லை. பெனால்டியிலிருந்து ஆடுங்கள் என்றது. ஏப்ரல் 9 இரவு, அதே நாளில் ஏற்கெனவே ஆளுக்கொரு முழு ஆட்டம் ஆடி முடித்திருந்த இரண்டு அணிகளும் பெல்ஃபாஸ்டில் மைதானத்தில் இறங்கின. வேறு நடுவர். பந்து பெனால்டி புள்ளியில். வில்லியம்சன் மறுபடி அடித்தார், மறுபடி கோல். 18 நொடி மிச்ச ஆட்டம். விசில். 2-2. இரண்டு அணிகளும் தகுதிபெற்றன. 18 வயதில் ஐந்து நாள் அந்த ஒரு உதையைச் சுமந்த வில்லியம்சன்தான் 2022இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் தலைவி.

தாஷ்கந்தில் தவறுக்குப் பிறகும் நிறைய ஆட்டம் மிச்சமிருந்தது, அது முழுக்க ஆடவும் பட்டுவிட்டது. பெனால்டியிலிருந்து தொடங்கச் சொல்லியிருந்தால் அதற்குப்பின் ஆடியதைத் தூக்கி எறிய வேண்டியிருக்கும். மொத்தத்தையும் எறிந்தபோதோ, உஸ்பெகிஸ்தான் நேர்மையாக அடித்த முதல் கோலும் சேர்ந்து போனது. பெல்ஃபாஸ்டில் எறிய வேண்டியிருந்தது சில நொடிகள்தான். இரண்டு தீர்ப்புகளில் எது விவேகமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பெல்ஃபாஸ்ட் வழியை எல்லா ஆட்டத்துக்கும் நீட்ட முடியாது.

இதிலெல்லாம் சேராத ஒரு வழக்கு உண்டு. 2016 நவம்பரில் தென்னாப்பிரிக்கா செனகலை 2-1 என்று வென்ற உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், செனகலின் காலிடு குலிபாலியின் காலில் பட்ட பந்துக்குக் கையில் பட்டதென்று கானா நடுவர் ஜோசஃப் லாம்ப்டி பெனால்டி கொடுத்தார். பார்வைத் தவறு என்றால் ஐந்தாவது விதி காப்பாற்றியிருக்கும். ஆட்டத்தில் தில்லுமுல்லு செய்தார் என்று ஃபிஃபா முடிவுக்கு வந்தது, அவருக்கு ஆயுள் தடை விதித்தது. விளையாட்டு நடுவர் மன்றமும் தடையை உறுதிசெய்தது. அதன்பின் ஃபிஃபா ஆட்டத்தையே ரத்துசெய்து மறுபடி நடத்தச் சொன்னது. தென்னாப்பிரிக்க வீரர்கள்மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஓராண்டுக்குப் பிறகு, 2017 நவம்பர் 10 அன்று, அவர்கள் அதே செனகலைச் சொந்த மண்ணில் மறுபடி சந்தித்து 2-0 என்று தோற்றார்கள். அந்த வெற்றியால் செனகல் ரஷ்ய உலகக் கோப்பைக்குத் தகுதிபெற்றது.